வருந்தக் கற்றல்: போக்கர் பயிற்சி குறித்துச் சில குறிப்புகள்

சீட்டாட்டத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடிய நண்பர்கள் இரண்டு வகைப்படுவர். சூது ஒழுக்கக்கேடு, அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பவர்கள் ஒரு வகை. சூது முதலாளியத்தின் நோய்க்குறி, அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் சேர்ந்து தாண்டிப் போய்விடுகிற ஒரு சொல் இருக்கிறது: 'திறன்'. சில வருடங்களாகத் தமிழ்நாட்டில் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நடந்த ஒரு பெரிய சண்டை இந்தச் சொல்லைச் சுற்றித்தான் நடந்தது. ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா? திறன்தான் என்றவர்களும் இல்லை என்றவர்களும் அந்தத் திறனை ஒருவன் எப்படிப் பெறுகிறான், பெற்றுவிட்டான் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்கிறான் என்ற கேள்விக்குள் அதிகம் போகவில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

எனக்கு இதில் உள்ள தகுதி மிகச் சிறியது. 2023 தொடக்கத்திலிருந்து இரண்டு வருடம், சனிக்கிழமை இரவுகளில், ஓர் அச்சகத்தின் மாடி அறையில் நான்கு பேர் போக்கர் ஆடினோம். ஒரு பிழைதிருத்துநர், ஒரு கல்லூரி ஆசிரியர், ஆட்டோ ஓட்டும் தோழர் ஒருவர், நான். காசு கிடையாது. ஆளுக்கு 200 புளியங்கொட்டை. காசில்லாமல் ஆடினால் அது போக்கரே இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் தோழர் கணக்கு வைத்திருந்தார், கொட்டை குறைந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பயிற்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இன்று உலகெங்கும் அதிகம் ஆடப்படுவது டெக்ஸாஸ் ஹோல்டெம் என்ற வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு, அவரவர் மட்டும் பார்ப்பது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று எனத் திறக்கப்படும். ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், எதிராளி கட்டியதை ஈடுகட்டலாம், மேலே ஏற்றலாம், அல்லது சீட்டைக் கீழே வைத்து விலகலாம். மற்றவர்கள் எல்லோரும் விலகிவிட்டால் கையில் குப்பை வைத்திருப்பவனே நடுவில் சேர்ந்த பாட்டை அள்ளிக்கொள்வான். இந்தக் கடைசி விதியில்தான் போக்கர் மற்றப் பல சீட்டாட்டங்களிலிருந்து பிரிகிறது. இங்கே சீட்டு ஒரு குறி. அது எதைக் குறிக்கிறது என்பதைவிட, எதைக் குறிப்பதாக மற்றவர் நம்புகிறார் என்பதில்தான் ஆட்டம் நடக்கிறது.

இனி ஒரு கணக்கு. பொறுமையாகப் படிக்கவேண்டும், கட்டுரை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

என் கையில் ஆர்ட்டின் ராஜாவும் ஆர்ட்டின் ஒன்பதும் இருக்கின்றன. நடுவில் திறந்த நான்கில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒரு சீட்டு பாக்கி. அது ஆர்ட்டினாக வந்தால் எனக்கு ஃப்ளஷ் (நம் மூணு சீட்டில் 'கலர்' என்பது), நான் ஜெயிப்பேன் என்று வைத்துக்கொள்வோம். வராவிட்டால் தோல்வி. நான் பார்க்காத சீட்டுகள் 46. அவற்றில் ஆர்ட்டின் 9. பாட்டில் 80 கொட்டை இருக்கிறது, எதிராளி 20 கட்டுகிறார். நான் 20 போட்டால் 100 கிடைக்க வழி இருக்கிறது. இதே நிலைமை 46 தடவை வந்தால் 37 தடவை இருபது இருபதாக இழப்பேன்: 740. ஒன்பது தடவை நூறு நூறாக வரும்: 900. மிச்சம் 160. ஆகவே ஈடுகட்டுவது சரி. அதே சீட்டு, அதே பாட், ஆனால் எதிராளி 80 கட்டினால்? 37 தடவை எண்பது போகும், 2960. ஒன்பது தடவை 160 வரும், 1440. ஆகவே விலகுவது சரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் நிலைமையில் சரியாக ஆடுகிறவன் ஐந்துக்கு நான்கு தடவை தோற்கிறான். இரண்டாவதில் தப்பாக ஆடுகிறவன் ஐந்துக்கு ஒரு தடவை 160 கொட்டையை வாரிக்கொண்டு போகிறான், சுற்றியிருப்பவர்கள் கைதட்டுகிறார்கள், "தைரியம்டா" என்கிறார்கள். அவன் கற்றுக்கொள்வது என்ன? தப்பை.

எந்தத் தொழிலிலும் பொருள்தான் முதல் ஆசான். குயவன் தப்பாக வனைந்தால் பானை அங்கேயே சரிகிறது. தையல்காரர் தப்பாக வெட்டினால் துணி சொல்லிவிடும். பயிற்சியைப் பற்றி ஆராய்ந்த ஆண்டர்ஸ் எரிக்ஸனும் அவரது சகாக்களும் 1993இல் பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், செய்தது சரியா தவறா என்பது உடனுக்குடன் தெரியவருவதைத் தேர்ச்சிக்கான நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தார்கள். போக்கரில் இந்த நிபந்தனை இல்லை. இன்னும் மோசம், இங்கே பொருள் பொய் சொல்கிறது. அமெரிக்காவின் டோயல் பிரன்சன் 1976, 1977 என அடுத்தடுத்த இரண்டு வருடம் உலகத் தொடரின் முதன்மை ஆட்டத்தை வென்றார். இரண்டு வருடமும் அவரை வெற்றிபெறச் செய்த கடைசிக் கையில் இருந்தவை ஒரு பத்தும் ஒரு இரண்டும். ஹோல்டெமில் அது சாதாரணமாகத் தூக்கிப்போட வேண்டிய கை. முடிவை மட்டும் பார்த்துப் பாடம் படிப்பவன் பத்தையும் இரண்டையும் பிடித்துக்கொண்டு வீட்டை விற்பான்.

ஆகவே 'ஆட ஆட வரும்' என்பது போக்கரைப் பொறுத்தவரை பாதிப் பொய். இருபது வருடம் மனமகிழ் மன்றத்தில் உட்கார்ந்தவர் இருபது வருடத் தப்பையே கெட்டிப்படுத்தி வைத்திருக்கலாம். படிப்பு இங்கே பயிற்சிக்குத் துணையாக வருவதல்ல. முடிவு என்கிற பொய் ஆசானை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரவேண்டியது படிப்பு.

*

நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கியதுதான். பெரிய கை வரும்போது ஆட்டத்தை நிறுத்துவோம். முடிவெடுக்க வேண்டியவர் சீட்டு திறப்பதற்கு முன்பாக எழுதவேண்டும்: பாட் எவ்வளவு, எவ்வளவு கேட்கிறார்கள், எதிராளியிடம் என்னென்ன இருக்கலாம், நான் செய்யப்போவது என்ன, ஏன். முடிவு எழுதும் கட்டமே வைக்கவில்லை. யார் ஜெயித்தார் என்பது அடுத்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனால் காரணம் அங்கே இருக்கும், மையில். அடுத்த சனிக்கிழமை முதல் ஒரு மணி நேரம் சீட்டைத் தொடமாட்டோம், நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சண்டை போடுவோம். அந்த ஒரு மணி நேரத்தில் கற்றதுதான் நாங்கள் கற்றது.

'எதிராளியிடம் என்னென்ன இருக்கலாம்' என்ற பன்மையைக் கவனிக்கவேண்டும். புதிதாக ஆடுகிறவன் "அவன் கையில என்ன இருக்கு?" என்று கேட்கிறான். முகத்தைப் பார்க்கிறான், விரல் நடுங்குகிறதா என்று பார்க்கிறான். சினிமா கற்றுக்கொடுத்த போக்கர் அது. படித்தவன் ஒரு கையை ஊகிப்பதில்லை, கைகளின் தொகுதியை எழுதிக்கொள்கிறான். 52 சீட்டிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க 1326 வழிகள். முதல் கட்டத்தில் ஏற்றியதால் இத்தனை அடிபட்டன, இரண்டாம் கட்டத்தில் சும்மா இருந்ததால் இத்தனை அடிபட்டன என்று கழித்துக்கொண்டே வரவேண்டும். இரண்டு ஏஸ் வருவதற்கு 6 வழி, ஏஸும் ராஜாவும் வருவதற்கு 16 வழி. ஆகவே பயந்த மனசுக்கு எப்போதும் தெரிவது ஜோடி ஏஸாக இருந்தாலும், எண்ணிக்கை வேறொன்றைச் சொல்லும்.

பிரதியை வாசிப்பது பற்றி நாம் முப்பது நாற்பது வருடமாகப் பேசிவருகிறோம். ஆசிரியனின் மனசுக்குள் புகுந்து 'உண்மையான' அர்த்தத்தைத் தோண்டி எடுக்கமுடியாது, பிரதி அனுமதிக்கிற அர்த்தங்களின் பரப்பைத்தான் வரையமுடியும் என்று. போக்கர் நோட்டில் நான் கண்டது கிட்டத்தட்ட இதுவே. ஒரு வித்தியாசம்: இங்கே பரப்பைத் தப்பாக வரைந்தால் கொட்டை போய்விடும். விமர்சனத்தில் அந்தச் சங்கடம் இல்லை. (இருந்திருந்தால் நம் விமர்சன மொழி இன்னும் கொஞ்சம் பொறுப்பாக இருந்திருக்குமோ என்னவோ.)

'பிளஃப்' எனப்படும் பொய்யையும் இந்த இடத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடிந்தது. பொய் சொல்வது துணிச்சல்காரனின் குணம் என்று நினைத்திருந்தேன். ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜான் வான் நாய்மன் 1928இல் ஆட்டக் கோட்பாட்டின் அடிப்படைத் தேற்றத்தை நிறுவினார். ஆஸ்கார் மோர்கென்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944இல் வெளியிட்ட பெரிய நூலில் போக்கருக்கென்றே தனியாக இடம் ஒதுக்கினார். அவருடைய எளிமைப்படுத்தப்பட்ட போக்கரில் பொய் ஒரு குணம் அல்ல, கணக்கின் தேவை. நல்ல கை வந்தால் மட்டும் கட்டுகிறவனை எல்லோரும் படித்துவிடுவார்கள், அவன் கட்டினால் விலகிவிடுவார்கள். அவனுடைய உண்மைக்கு விலை கிடைக்க வேண்டுமானால் அவன் குறிப்பிட்ட விகிதத்தில் பொய் சொல்லியாக வேண்டும். நடுத்தரக் கையை வைத்துப் பொய் சொல்லக்கூடாது, ஆக மோசமான கையை வைத்துச் சொல்லவேண்டும் என்பதும் அதில் வருகிறது. கடைசிச் சீட்டு திறந்தபின் பாட் அளவுக்குச் சமமாகக் கட்டுகிறவன் இரண்டு உண்மைக்கு ஒரு பொய் வைத்தால், எதிராளி ஈடுகட்டினாலும் விலகினாலும் ஒன்றுதான்.

சரி, எந்த மூன்றில் ஒன்று? அதை என் மனசு தேர்ந்தெடுத்தால் மனசுக்கு ஒரு பழக்கம் இருக்கும், பழக்கத்தை எதிராளி படித்துவிடுவார். அதனால் சில ஆட்டக்காரர்கள் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்க்கிறார்கள். முதல் இருபது நொடிக்குள் நின்றால் பொய், இல்லாவிட்டால் இல்லை. தன்னைப் படிக்கமுடியாதவனாக ஆக்கிக்கொள்ள, தன் விருப்பத்தையே ஆட்டத்திலிருந்து வெளியேற்றுகிறான். எங்கள் கல்லூரி ஆசிரியர் இதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "அப்ப நான் எதுக்குய்யா ஒக்காந்திருக்கேன்?" என்றார். நியாயமான கேள்வி.

*

அவர் கேள்விக்கு இயந்திரங்கள் ஒரு பதில் வைத்திருக்கின்றன. கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பௌலிங் குழுவினர், இருவர் மட்டும் ஆடும், கட்டும் தொகைக்கு வரம்புள்ள ஹோல்டெமை ஏறக்குறைய முழுதாகத் தீர்த்துவிட்டதாக 2015இல் அறிவித்தார்கள். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரின் ஒரு சூதாட்ட விடுதியில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் துவோமஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் இருவரும் உருவாக்கிய லிப்ராடஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாள், 1,20,000 கை ஆடியது. வரம்பில்லாத வகை. ஆட்டச் சில்லுக் கணக்கில் 17 லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்தது. அந்த நான்கு பேரும் இரவில் கூடி அன்றைய கைகளை அலசி, இயந்திரத்தின் ஓட்டைகளைத் தேடினார்கள். அதே இரவில் இயந்திரமும் அவர்கள் குடைந்த ஓட்டைகளைக் கணக்கிட்டு அடைத்துக்கொண்டது. நோட்டுக்கு நோட்டு.

இவை கற்ற முறைக்கு அடிப்படையாக இருந்த உத்தியின் பெயரில் ஆங்கிலத்தில் 'வருத்தம்' என்ற சொல் இருக்கிறது. நிரல் தனக்கு எதிராகத் தானே கோடிக்கணக்கில் ஆடுகிறது. ஒவ்வொரு முடிவிடத்திலும் ஒரு கேள்வி: நான் செய்ததற்குப் பதிலாக வேறொன்றைச் செய்திருந்தால், எதிராளியிடம் இருக்கக்கூடிய எல்லாக் கைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, சராசரியாக எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும்? அந்தக் கூடுதல்தான் வருத்தம். எந்தச் செய்கையைச் செய்யாததற்கு வருத்தம் சேர்ந்திருக்கிறதோ அதை அடுத்தமுறை அதிகமாகச் செய்கிறது. அவ்வளவுதான். ஆசானே கிடையாது, வருத்தத்தின் பேரேடு மட்டும்.

மனிதனுடைய வருத்தம் வேறு இடத்தில் விழுகிறது. இரண்டு ஏஸை வைத்துக்கொண்டு இரண்டு ராஜாவிடம் தோற்றவன் (முதலிலேயே எல்லாவற்றையும் கட்டிவிட்டால் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை நடக்கும்) வீட்டுக்குப் போய் அந்தக் கையையே நினைத்துக்கொண்டு புரளுவான். அங்கே வருந்த ஒன்றுமே இல்லை. அதே இரவில் மூன்று மணி நேரத்துக்கு முன்னால், ஜெயித்துவிட்ட ஒரு கையில், ஈடுகட்டக்கூடாத இடத்தில் அவன் ஈடுகட்டியிருப்பான். அது ஞாபகத்திலேயே இருக்காது. போக்கர் படிப்பு என்று நான் புரிந்துகொண்டது, வருத்தத்தை இழப்பிலிருந்து பெயர்த்தெடுத்து முடிவின்மேல் கொண்டுபோய் வைக்கிற வேலை. ஜெயித்த கைக்காக வருந்தவும், தோற்ற கைக்காக வருந்தாமல் இருக்கவும் கற்பது. சொல்ல எளிது. 'டில்ட்' என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள், பின்பால் இயந்திரத்தை ஆட்டினால் அது சாய்ந்து நின்றுவிடும், அதிலிருந்து வந்த சொல். தோல்வியின் சூட்டில் கணக்கு நின்றுபோன நிலை. நோட்டு எழுதி இரண்டு வருடம் ஆன பிறகும் நான் மாதத்துக்கு ஒரு தடவை டில்ட் ஆனேன், வெறும் புளியங்கொட்டைக்கு.

சூதைப் படித்தே கற்கமுடியும் என்பது நமக்குப் புதிய சங்கதியும் இல்லை. பாரதத்து வனபர்வத்தில் வரும் நளன் கதையில் மன்னன் இருதுபன்னன் ஓடும் தேரிலிருந்தபடியே ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் கணக்கிட்டுச் சொல்கிறான். சாரதியாக வேடமிட்டிருக்கும் நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. குதிரை வித்தையைக் கொடுத்துச் சூதின் வித்தையை வாங்கிக்கொள்கிறான். அதை வாங்கிய கணத்தில்தான் கலி அவன் உடம்பைவிட்டு வெளியேறுகிறான். தான்றிக் கொட்டை பழைய இந்தியாவில் சூதாடு கருவியாகப் பயன்பட்டது என்பதைச் சேர்த்து வாசித்தால், மரத்தை எண்ணுவதும் சூது கற்பதும் ஏன் ஒரே காட்சியில் வருகின்றன என்பது விளங்கும். தத்துவ அறிஞர் இயன் ஹாக்கிங் 1975இல் நிகழ்தகவின் தோற்றம் குறித்து எழுதிய நூலில் இக்கதையைக் குறிப்பிடுகிறார். நம்மவர்கள் பொதுவாக விட்டுவிடுகிற ஒரு பகுதி: இந்தக் கதையைத் தருமனுக்குச் சொல்கிற பிருகதசுவ முனிவர் கடைசியில் அந்த வித்தையைத் தருமனுக்கே கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார். சூதில் நாட்டை இழந்தவன் பிற்பாடு விராடன் சபையில் சூதாடும் தோழனாக வேலைக்குச் சேர்கிறான்.

*

இதுவரை சொன்னதைப் படித்து, போக்கர் திறன் ஆட்டம்தான் என்று நிறுவுவதாக யாரும் நினைக்கலாம். ஆம், திறன் ஆட்டம்தான். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

திறன் தெரியவருவதற்கு எத்தனை கை வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போக்கரில் சீட்டுப் போடும் முன்பே வைக்கவேண்டிய கட்டாயத் தொகைக்கு 'பிளைண்ட்' என்று பெயர், அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். நூறு கைக்குச் சராசரியாக 5 பிளைண்ட் லாபம் பார்க்கிற ஒருவர், நல்ல ஆட்டக்காரர். நூறு கைக்கு அவருடைய ஏற்றஇறக்கம், புள்ளியியலார் சொல்லும் நியம விலக்கம், 90 பிளைண்ட் என்று வைத்துக்கொள்வோம், இது மிகையான எண் அல்ல. பத்தாயிரம் கை ஆடிய பிறகு இவர் 500 பிளைண்ட் மேலே இருக்கவேண்டும். ஆனால் ஏற்றஇறக்கம் 900. அதாவது இவரைப் போன்ற நூறு நல்ல ஆட்டக்காரர்களில் சுமார் 29 பேர், பத்தாயிரம் கை ஆடிய பிறகும் நஷ்டத்தில் இருப்பார்கள். ஒரு லட்சம் கை ஆடினால் நஷ்டத்தில் இருப்பவர்கள் நான்கு பேராகக் குறைவார்கள். அச்சக மாடியில் ஓர் இரவுக்கு நாங்கள் ஆடியது சுமார் நூறு கை. பத்தாயிரம் என்பது எங்கள் இரண்டு வருடம். ஒரு லட்சம் என்பது 19 வருடச் சனிக்கிழமைகள்.

ஆக, திறன் இருக்கிறது, ஆனால் அது ஒரு மனிதனின் சாதாரண காலத்துக்குள் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அதைக் காணவேண்டுமென்றால் காலத்தை நசுக்கவேண்டும். இணையம் அதைத்தான் செய்தது. திரையில் நான்கு மேசைகளைத் திறந்துவைத்தால் மணிக்கு 250 கைகள் வரும், ஒரு லட்சத்தை நானூறு மணி நேரத்தில் முடித்துவிடலாம். இப்படி ஆடிப் பிழைக்கிறவர்கள் தங்களைக் 'கிரைண்டர்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். நம் வீட்டில் மாவரைக்கிற அதே சொல்.

வால்டர் பெஞ்சமின் 1939இல் போதலேர் பற்றி எழுதிய கட்டுரையில் சூதாடியையும் ஆலைத் தொழிலாளியையும் அருகருகே நிறுத்துகிறார். பார்வைக்கு முரணான ஜோடி. ஒருவன் சாகசக்காரன், மற்றவன் அலுத்துச் சோர்ந்தவன். ஆனால் இயந்திரத்தின் முன் தொழிலாளி செய்யும் ஒவ்வோர் அசைவும் முந்தைய அசைவோடு தொடர்பற்றது, காரணம் அது அதன் அச்சான மறுபிரதி. சூதாட்ட மேசையிலும் ஒவ்வொரு சுற்றும் முந்தையதோடு தொடர்பற்றது. இரண்டிலும் அனுபவம் சேர்வதில்லை. கைத்தொழிலில் பயிற்சிக்கு இருந்த மதிப்பு இயந்திரத்தின் முன் ஒன்றுமில்லாமல் போகிறது என்று மார்க்ஸை அடியொற்றி அவர் சொல்லிச் செல்கிறார்.

முதல் பார்வைக்குப் போக்கர் இதை மறுப்பதாகத் தோன்றும். எங்கள் நோட்டே அதற்குச் சாட்சி: சீட்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை, ஆனால் முடிவுகள் தொடர்புடையவை, அனுபவம் சேர்கிறது. இரண்டு வருடம் நான் அப்படித்தான் நம்பினேன், அந்த அளவில் இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த அனுபவத்தைக் காசாக மாற்ற முனைகிற கணத்தில், லட்சம் கைகளுக்காக நான்கு திரைகளின் முன் உட்கார்கிற கணத்தில், பெஞ்சமினின் தொழிலாளி திரும்பி வந்துவிடுகிறான். சாகசம் போய், ஷிஃப்ட் மட்டும் மிஞ்சுகிறது. அந்த ஷிஃப்டுக்கும் முதல் வேண்டும். 29 பேரில் ஒருவனாக இருந்தால், இறக்கம் முடியும்வரை காத்திருக்கத் தேவையான பணம். திறன் எல்லோருக்கும் திறந்திருக்கலாம். காத்திருக்கும் வசதி அப்படித் திறந்திருக்கவில்லை.

1967இல் உச்ச நீதிமன்றம் ஓர் ஆந்திர வழக்கில், மூன்று சீட்டு போல ரம்மி வெறும் அதிர்ஷ்டம் அல்ல, விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து எதை எடுப்பது எதைப் போடுவது என்று தீர்மானிப்பதில் திறன் மேலோங்கியிருக்கிறது என்றது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு கைபேசி நிறுவனங்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன. தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்த நிலையில் தமிழ்நாடு அரசு, நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று, 2022இல் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பியனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள், அவற்றை அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறனா அதிர்ஷ்டமா என்ற பிரிவினையையே ஒதுக்கிவிட்டு, இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடைசெய்தது.

இந்தத் தர்க்கங்களில் எனக்குள்ள குறை இது: ஆட்டத்தில் திறன் எவ்வளவு என்று அளந்தார்கள், அந்தத் திறன் யாருடைய காலத்தில், யாருடைய முதலில் புலப்படும் என்று அளக்கவில்லை. மேசை வைத்திருப்பவன் மட்டும் காத்திருக்கவே வேண்டியதில்லை. அவன் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் பெரும்பாலும் 5 சதவீதம் வரை எடுத்துவிடுகிறான், ரேக் என்று பெயர். சம திறன் உள்ள ஆறு பேர் உட்கார்ந்தால் நாளடைவில் ஆறு பேரும் தோற்பார்கள்.

எங்கள் நான்கு பேரில் நோட்டின்படி ஆகச் சிறந்தவர் ஆட்டோத் தோழர்தான். 2024 கடைசியில், எங்களிடம் சொல்லாமல், கைபேசியில் காசுக்கு ஆடியிருக்கிறார். மூன்று வாரம், சுமார் மூவாயிரம் கை, 38 ஆயிரம் ரூபாய். வீட்டு வாடகை முன்பணமும் ஒரு தவணையும். எங்களிடம் வந்து சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் தப்பா ஆடுனனா தோழர்?" அவர் எழுதி வைத்திருந்த கைகளை இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம். தப்புகள் இருந்தன, முக்கால்வாசி இரவு பன்னிரண்டு மணிக்கு மேல், சவாரி முடித்து வந்து ஆடியவை. மற்றபடி சரியாகவே ஆடியிருந்தார். நான் மேலே சொன்ன நல்ல ஆட்டக்காரரே மூவாயிரம் கை ஆடினாலும் நூற்றுக்கு 38 பேர் நஷ்டத்தில்தான் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அது அவருக்கு ஆறுதலா அவமானமா என்று எனக்கு இன்றும் தெரியாது. "அப்ப ஒரு லட்சம் கை ஆடுனா தெரிஞ்சிருக்குமா?" என்றார். பிழைதிருத்துநர் கோபமாக எழுந்து கீழே டீ வாங்கப் போய்விட்டார்.

இயக்க நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தோற்ற வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நடக்கும் சுயவிமர்சனக் கூட்டங்களில், முடிவை வைத்தே முடிவெடுத்தவர்களைத் தண்டிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. நோட்டு அங்கேயும் உதவும் என்று ஒரு காலம் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. அரசியலில் அதே கை 46 தடவை வருவதில்லை.

தோழர் நாலைந்து மாதம் மாடிக்கு வரவில்லை. பிறகு வந்தார், ஆட அல்ல. நோட்டை எடுத்து எழுபத்தொன்றாவது சனிக்கிழமையைப் பிரிக்கச் சொன்னார். அன்று அவர் கையில் இரண்டு ராணி. கடைசிச் சீட்டு திறந்ததும் பாட்டில் 60 கொட்டை, நான் 60 கட்டினேன். அவர் விலகினார், நான் சீட்டைக் காட்டாமல் கலைத்துவிட்டேன். அவர் எழுதியிருந்த காரணம் இரண்டே வரி: என்னிடம் அவரை ஜெயிக்கிற கைகள் 12 வழி, பொய்க் கைகள் 4 வழி, நான்கில் ஒன்றுதான் பொய், மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் ஈடுகட்டலாம். நாங்கள் மூவரும் பொய்க் கைகள் 8 என்று எண்ணினோம், அப்படியானால் அவர் ஈடுகட்டியிருக்க வேண்டும். நான்கா எட்டா என்று அன்று இரவு பதினொன்றரை வரை போனது. அவர் நான்கிலிருந்து இறங்கி வரவில்லை. அன்று என் கையில் உண்மையில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை.